இறக்கி வைத்த நிழல்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டருக்கு ஒரு குரு உண்டு என்று லாரி புக்கிங் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அதை நம்பி, தவசிமுத்து ஒரு சனிக்கிழமை தன் சிபியு பெட்டியை ஸ்கூட்டரில் காலடியில் நிற்க வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

‘குரு கம்ப்யூட்டர்ஸ்’ என்று போர்டு இருந்தது. உள்ளே தாடி வைத்தவர் யாரும் இல்லை. ஒரு பெண் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“குரு இல்லையா தாயி?”

“இருக்கேனே.”

“உங்க அப்பாவச் சொல்லுதேன்.”

“நான்தான் அண்ணாச்சி. பேரு குருவம்மாள். போர்டுல எடம் பத்தல.”

தவசிமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்கு அதில் பாதி இருந்தால் அதிகம். ஞானம் வயதைப் பார்த்து வராது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் வயதானவர்கள்தான். இருந்தாலும் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாயிற்று, திருப்பியா கொண்டுபோக முடியும்? அவர் அதை மேஜைமேல் வைத்தார்.

பெட்டியைச் சுற்றிப் பாதிச் சுங்குடிச் சேலை போர்த்தியிருந்தது.

“இது என்ன?”

“தூசி படாம இருக்க.”

“ஓடும்போது எடுத்துருவீங்கல்ல?”

“ஓடும்போதுதான தாயி தூசி உள்ள போவும்?”

குரு கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

சேலையை விலக்கினாள். பெட்டியின் முன்னாலும் பக்கவாட்டிலும் சந்தனமும் குங்குமமும் வரிசை வரிசையாக இருந்தன. காற்றுப் போவதற்கென்று கம்பெனிக்காரன் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருந்தான். அவை ஒழுங்காக வரிசையில் இருந்ததால் பொட்டு வைக்க வசதியாகப் போயிற்று.

“ஆயுத பூஜைக்கு வச்சது” என்றார் தவசிமுத்து.

“எந்த வருசம்?”

“எல்லா வருசமும்.”

“பழச அழிக்க மாட்டீங்களா?”

“சாமிக்கு வச்சத அழிக்கலாமா தாயி?”

திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே விசிறியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று அப்பியிருந்தது. குரு குனிந்து மோந்து பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீங்களோ?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தைரியத்தில் விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு வேகம் கூடணும் தாயி. கேம் வெளையாடும்போது நின்னு நின்னு போவுது.”

“என்ன கேம்?”

தவசிமுத்து வாசலைப் பார்த்தார். புக்கிங் ஆபீஸில் பத்து டிரைவர்களை அதட்டி வேலை வாங்குகிறவர் அவர்.

“நானும் என் வீட்டுக்காரியும் நடக்குத கேம்” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். சொல்லாததை நாம் சொல்லிவிடலாம். அவர் மனைவி செண்பகவல்லி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போன புதிதில் இரண்டு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சு. அங்க வெயிலா? வெயில்தான். அதற்குமேல் பேச்சு வராமல், போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைப்பார்கள்.

பிறகு கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண் அவளுக்கு ஒரு கேம் கற்றுக்கொடுத்தாள். யாரையும் சுட வேண்டாம், எதையும் ஜெயிக்க வேண்டாம். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு ஆறு, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஒரு பெரிய மரம். இரண்டு ஊரில் இருக்கிற இரண்டு பேர் அதற்குள் சேர்ந்து நடக்கலாம். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போகலாம். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடந்ததில் பேச்சு தானாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பேசாமல் விட்டதையெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் பேசினார்கள்.

ஆனால் அவர் கம்ப்யூட்டர் பழசு. அவள் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இவர் பாலத்தில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். “இன்னும் பாலத்துலயாங்க?” என்பாள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். இப்போதெல்லாம் ஒரு நாள் வருகிறாள், மறுநாள் தலைவலி என்கிறாள். தவசிமுத்துவுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கை மூடிவிட்டால் திரும்பவும் சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சுதான்.

பெட்டிக்குச் சந்தனம் வைத்ததும் செண்பகவல்லியின் சேலையைப் போர்த்தியதும் இதனால்தான். அவள் அதற்குள்ளிருந்துதான் வருகிறாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

“புதுசு வாங்கலாம்ல அண்ணாச்சி?”

“வீடு பூசி முடியட்டும்னு அவ சொல்லிட்டா.”

“சரி.”

“ரேம் கூட்டலாமா?” அந்தச் சொல்லை அவர் எங்கோ கேட்டு வைத்திருந்தார்.

“இந்த மதர்போர்டு தாங்குத அளவுக்கு ஏற்கெனவே இருக்கு.”

குரு பெட்டியைத் தெருவுக்குத் தூக்கிப்போய் ஊதுகுழல் மிஷினை வைத்தாள். கறுப்பாக ஒரு மேகம் கிளம்பியது. சைக்கிளில் போனவர் தும்மிக்கொண்டே போனார். ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைச் சுரண்டினாள். பெட்டியின் நெற்றியில், ஓட்டை இல்லாத இடத்தில் இருந்த ஒரு பொட்டை மட்டும் விட்டுவைத்தாள்.

“இது இருக்கட்டும். இது வழியா அது மூச்சு விடல.”

“இனி வேகமா ஓடுமா?”

“இனி மூச்சு விடும்.”

“நான் வேகத்தத்தான கேட்டேன்?”

“மொதல்ல மூச்சு விடட்டும் அண்ணாச்சி.”

மெக்கானிக்கிடம் வந்தோமா வைத்தியரிடம் வந்தோமா என்ற குழப்பத்தோடு தவசிமுத்து வீட்டுக்குப் போனார்.

பெட்டி மூச்சு விட்டது. முன்பு போல ரைஸ்மில் சத்தம் இல்லை. பாலத்தில் முழுசாக நிற்காமல் திக்கித் திக்கிக் கடந்தார். இந்த மட்டுக்கும் போதும் என்று இருந்திருக்கலாம். இல்லை, குருவிடம் போய் அடுத்து என்ன என்று கேட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? யூடியூபில் ஒரு பையன் “இதை மட்டும் போடுங்க, உங்க சிஸ்டம் ராக்கெட் ஆயிடும்” என்று கத்திக்கொண்டிருந்தான். வேகம் கூட்டும் அந்த சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டார். மறுநாள் வேறொருவன் வேறொன்று சொன்னான், அதையும் போட்டார். இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பெட்டியை ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, காப்பி குடித்து, சாமி கும்பிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னைக்குப் பாலத்துக்கே வரல நீங்க” என்றாள் செண்பகவல்லி. அதற்கப்புறம் இரண்டு நாள் தலைவலி.

மறுபடியும் ஸ்கூட்டர், மறுபடியும் பெட்டி.

குரு அதை ஆன் பண்ணிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

“உங்க வீட்ல எத்தன பேரு அண்ணாச்சி?”

இது ரேஷன் கடையில் கேட்கிற கேள்வி அல்லவா என்று அவர் யோசித்தார். “ரெண்டு பேரு. ஒருத்தி மஸ்கட்ல.”

“அப்ப வீட்ல ஒரு ஆளு.”

“ஆமா.”

“இதுக்குள்ள ஏன் இவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க?”

திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“இவரு யாரு?”

“வேகம் கூட்டுதவரு.”

“இவரு?”

“அவரும் வேகம் கூட்டுதவருதான்.”

“இவரு?”

“அவங்க ரெண்டு பேரும் ஒழுங்காக் கூட்டுதாங்களான்னு பாக்குதவரு.”

“எல்லாரும் யாரு சோத்தத் திங்காங்க?”

தவசிமுத்து கம்ப்யூட்டருக்கு ஏது சோறு என்று கேட்க நினைத்தார். கேட்டால் வேறு ஏதாவது கேட்பாள் என்று விட்டுவிட்டார்.

அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்று பேரையும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டு அனுப்புகிற மாதிரி அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் திரும்ப ஆன் பண்ணியபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது.

“இப்ப கேம் வேகமா ஓடுமா?”

“நீங்க லாரி ஆபீஸ்தானே? லோடு ஏத்துன வண்டி ஆரியங்காவு ஏத்தத்துல ஏறாம நிக்கிது. என்ன பண்ணுவீங்க?”

“கொஞ்சம் லோட எறக்குவோம்.”

“எறக்குங்க.”

கேமைத் திறந்து செட்டிங்ஸைக் காட்டினாள். பள்ளத்தாக்கில் இருக்கிற ஒவ்வொன்றும் அங்கே தனித்தனியாக இருந்தது. புல், ஆற்றின் மினுமினுப்பு, தூரத்து மலை, நிழல், உடுப்பில் இருக்கிற பூ. ஒவ்வொன்றையும் இந்தப் பழைய பெட்டிதான் உட்கார்ந்து வரைந்து தள்ள வேண்டியிருக்கிறது என்றாள். வேண்டாததை அணைத்தால் பாரம் குறையும்.

இவ்வளவு நாளில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். சந்தோஷமாகக் கேட்டார்.

“எத எறக்கணும் தாயி?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? லோடு என்னுதா?”

“நீங்கதான குரு?”

“போர்டுல எடம் பத்தலன்னு அன்னைக்கே சொன்னேன்ல.”

புரிந்தது போல இருந்ததும் போயிற்று. வழி தெரிந்தவர்கள் வழியைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் வழிப்போக்கன் என்ன செய்வான் என்று ஸ்கூட்டரில் வரும்போது அவருக்குக் கோபமாகக்கூட வந்தது.

வீட்டில் செட்டிங்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் புல்லை அணைத்தார். பள்ளத்தாக்கு மொட்டை போட்ட தலை மாதிரி ஆகிவிட்டது. பார்க்கச் சகிக்காமல் திரும்ப வைத்தார். ஆற்றின் மினுமினுப்பை எடுத்தால் மீன்கள் துள்ளுவது தெரியவில்லை. அந்த மீன்கள் அவருக்குப் பிடிக்கும், அதையும் வைத்தார். மலைக்குக் கை போனது. மலை இல்லாவிட்டால் மரத்துக்குப் பின்னால் வெறும் வானம் பூசாத சுவர் மாதிரி நின்றது. பூசாத சுவரை அவர் வீட்டிலேயே தினமும் பார்க்கிறார்.

கடைசியில் நிழலிடம் வந்தார். அதைப் பற்றி நியாயமாகத்தான் யோசித்தார். நிழல் எதற்கு? காலடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு போகிற இடமெல்லாம் கூடவே வரும், ஒரு வேலையும் செய்யாது. புக்கிங் ஆபீஸில் அப்படி ஒருத்தர் இருக்கிறார். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை, இதையாவது செய்வோம் என்று நிழலை அணைத்தார்.

பாரத்தில் பெரும்பாரம் அதுதான் போலிருக்கிறது. எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி கேம் ஓடியது. தவசிமுத்து பாலத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் சும்மாவே ஓடிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் மரத்தடியில் அவர்தான் முதல் ஆள்.

“ஏங்க! அதுக்குள்ள வந்துட்டீங்களா?” காதுக்குள் செண்பகவல்லியின் குரல் துள்ளியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரல்.

“எப்பவோ வந்தாச்சு. ஒன்னையத்தான் காணும்.”

பூப்போட்ட சட்டையில் அவள் உருவம் பாலத்தைக் கடந்து ஓடி வந்தது. வந்ததும் நின்றது.

“ஏன் அங்க உக்காந்திருக்கீங்க, வெயில்ல?”

“வெயில்லயா?”

தவசிமுத்து திரையை உற்றுப் பார்த்தார். மரம் இருந்தது. புல் இருந்தது. எல்லா இடமும் ஒரே வெளிச்சமாக இருந்தது. இதில் எது வெயில்?

“இப்படித் தள்ளி வாங்க, நிழல்ல உக்காருங்க.”

நகர்ந்தார்.

“இன்னும் வெயில்லதான் இருக்கீங்க. இந்தப் பக்கம்.”

இன்னொரு பக்கம் நகர்ந்தார்.

“அய்யோ, அது இல்லங்க.”

கண்ணைக் கட்டிவிட்ட ஆள் மாதிரி அவர் உருவம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ஓரிடத்தில் உட்கார்ந்து, “அப்பாடா! நல்ல நிழலு” என்றார்.

காதில் மாட்டியதைத் தட்டிப் பார்த்தார்.

“செம்பகம்?”

“நீங்க உக்காந்திருக்கது பாறை மேல.”

“அதான், பாறைல நிழலு…”

“ஒங்களுக்கு நிழலு தெரியுதா, இல்லையா?”

“தெரியுதே!”

“பொய் சொல்லாதீங்க.”

சற்று நேரம் அவள் உருவம் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பிறகு, “தலை வலிக்கி. நான் போறேன்” என்றாள். உருவம் மறைந்தது. பெட்டி இப்போது வேகமாக இருந்ததால் அவள் போனதும் வேகமாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குரு பாதிக் கதவைத் திறந்து உள்ளே ஈயத்தால் ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தவசிமுத்து இந்தத் தடவை பெட்டியைக் கொண்டுவரவில்லை.

“வேகம் வந்துருச்சு” என்றார்.

“நல்லது.”

“ஆளு போயிருச்சு.”

குரு நிமிர்ந்தாள். “எத எறக்குனீங்க?”

“நிழல.”

“ஏன்?”

“அதுனால யாருக்கு என்ன பிரயோசனம்?”

அவள் எழுந்தாள். அவர் வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினாள். வாசல் கூரைத் தகரத்தைத் தாண்டி, தெருவில் கொண்டுபோய் வைத்தாள். சித்திரை மாதம், உச்சி நேரம். கோவில்பட்டி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். நாற்காலி சுட்டது. எதற்கு என்று புரியவில்லை. இவளிடம் வந்ததிலிருந்து எதுதான் புரிந்தது? குரு தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, நேரம் நிறைய இருக்கிறவள் மாதிரிப் பேசினாள்.

“ஆபீஸ்ல ஒரு லோட வழில எறக்கணும்னா யாரக் கேப்பீங்க அண்ணாச்சி?”

“பார்ட்டியத்தான்.”

சரக்குக்குச் சொந்தக்காரரை லாரி ஆபீஸில் பார்ட்டி என்பார்கள்.

“கேக்காம எறக்குனா?”

“தொட முடியுமா? ஒருதடவ டிரைவர் ஒருத்தன், ஏத்தத்துல வண்டி தெணறுதுன்னு ஓரமா இருந்த ஒரு தகரப் பெட்டிய எறக்கி டீக்கடைல போட்டுட்டுப் போயிட்டான். வண்டி பூரா வெங்காய மூட்டை. அத எறக்கிருக்கலாம். அந்தப் பெட்டிலதான் பார்ட்டியோட மகளுக்குக் கல்யாணச் சேலை இருந்துச்சு.”

“திட்டுனாரா?”

“அழுதாரு தாயி.”

தவசிமுத்துவின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மண்டை விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பொறுத்துப் பார்த்தார்.

“நான் உள்ள வரட்டா?”

“எதுக்கு?”

“வெயிலு…” என்றவர் நிறுத்திக்கொண்டார்.

“ம்?”

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் மஸ்கட் போன புதிதில் போனில் சொன்னாள். ரூமிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு மரம் கிடையாதுங்க, குடை பிடிச்சாலும் அனல் கீழேயிருந்து வருது, போய்ச் சேர்றதுக்குள்ள தலை இடிக்குது என்று. அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதும் ஞாபகம் வந்தது. “அப்படியா? சாப்பிட்டாச்சா?” என்று கேட்டிருந்தார்.

தவசிமுத்து வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகைகூட வந்தது, அது வியர்வையோடு சேர்ந்து போயிற்று.

“தாயி, நிழல ஏத்துனா வண்டி நின்னுரும். எறக்குனா அவ நின்னுருவா. நான் என்னதான் பண்ணட்டும்?”

“என்னைய ஏன் கேக்குதீங்க?” என்றாள் குரு. “நானா பார்ட்டி?”

அன்று சாயங்காலம் அவர் பெட்டியை ஆன் பண்ணவில்லை. போன் போட்டார். அவள் முகம் வந்தது.

“செம்பகம், ஒண்ணு கேக்கணும்.”

“சாப்பிட்டாச்சு” என்றாள்.

அது அவரைச் சுருக்கென்று தைத்தது. வாங்கிக்கொண்டார்.

“எனக்கு நிழலு தெரியல. வேகம் வரும்னு நான்தான் அணைச்சு வச்சேன். தெரியுதுன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“இந்தப் பெட்டி எல்லாத்தையும் தாங்காது. எதையாவது எறக்கணும். ஒனக்கு எது வேணும், எது வேண்டாம்? நீ சொல்லு.”

அப்படி ஒரு கேள்வியை அவரிடமிருந்து அவள் எதிர்பார்க்கவில்லை போலும். போனைக் கையில் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஒங்க பக்கம் புல்லு வேண்டாம்” என்றாள். “ஆத்துல மினுமினுப்பும் வேண்டாம்.”

“மீனு தெரியாதே.”

“மீனா முக்கியம்? மலையையும் எடுத்துருங்க. இங்க சுத்தி மலைதான், பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. என் சட்டையில பூவெல்லாம் போட்டு வச்சிருக்கேன், அதயும் எடுத்துருங்க. என் மொகம் தெளிவாத் தெரியாட்டியும் பரவால்ல. என்னைய ஒங்களுக்குத் தெரியாதா?”

“நிழலு?”

“அத மட்டும் தொடாதீங்க.”

இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இந்தத் தடவை போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இல்லை.

“தலைவலின்னு சொன்னதெல்லாம் பொய்னு நெனச்சீங்களாக்கும்” என்றாள். “டூட்டி முடிஞ்சு வெயில்ல நடந்து வந்தா மண்ட பொளக்குதுங்க. அந்த மரத்தடில போய் உக்காந்தா, கிறுக்குத்தனந்தான், கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா நீங்க பாலத்துல நின்னுக்கிட்டு, நான் மட்டும் நிழல்ல உக்காந்து என்ன செய்ய?”

மறுநாள் பெட்டியை ஆன் பண்ணி அவர் இறக்கினார். அவள் சொன்னதையெல்லாம் இறக்கினார். பள்ளத்தாக்கு கட்டாந்தரையாயிற்று. ஆறு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஓடாமல் கிடந்தது. மலை போயிற்று, மீன் போயிற்று. செண்பகவல்லி பூவில்லாத சட்டையில், மூக்கும் கண்ணும் கரைந்து, மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தாள். மரம் இருந்தது. மரத்துக்குக் கீழே கறுப்பாகப் பெரிதாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

பாலம் வந்ததும் வழக்கம் போலத் திக்கியது. ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். நிழலை ஏற்றிய வண்டி அல்லவா? ஆனால் மரத்தடியில் இருந்த உருவம் எழுந்து பாலத்துக்குத் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்றது.

“மெதுவா வாங்க” என்றது குரல். “நான் இங்கதான இருக்கேன்.”

சித்திரை போய் வைகாசி வந்தது. தவசிமுத்து ஒரு பாக்கெட் கடலை மிட்டாயோடு குருவின் கடைக்கு வந்தார். நாற்காலி தகரத்துக்குக் கீழேயே இருந்தது. அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“தெனமும் வாரா. தலைவலின்னாலும் வாரா.”

“நல்லது.”

“நல்லதுதான்” என்றார். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவருக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பல நாளாக மனசுக்குள் போட்டு உருட்டியும் பிடிபடாத ஒன்று.

“தாயி, நான் ஒங்கக்கிட்ட வேகத்தக் கேட்டுத்தான் வந்தேன். நீங்க மூச்சு விட வச்சீங்க. வேண்டாத ஆளையெல்லாம் வெளிய அனுப்புனீங்க. நான் லோட எறக்குனேன். பார்ட்டியையும் கேட்டாச்சு. இவ்ளோ பண்ணியும் வேகம் கூடவே இல்லையே! இப்பவும் மரத்தடிக்குப் போயிட்டா வண்டி அங்கயே நின்னுக்கிட்டுத்தான் இருக்கு.”

குரு கடலை மிட்டாயை மேஜை விளிம்பில் தட்டி உடைத்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள்.

“நிழல்லதான அண்ணாச்சி நிக்கிது?”